படையில்லாத தீவுக்கு எதற்குப் பாதுகாப்பு ஆய்வு?

1746-இல் சென்னை ஜார்ஜ் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பிரெஞ்சுக் கப்பல்கள் எங்கள் மொரீஷியஸ் தீவிலிருந்து கிளம்பியவை. அவற்றை நடத்திச் சென்ற லாபூர்தொனே அப்போது இத்தீவின் ஆளுநர். போர்ட் லூயிஸ் துறைமுகத்தை அவர் எழுப்பியபோது கல் செதுக்கியவர்களிலும் மரம் இழைத்தவர்களிலும் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழர்கள் இருந்தார்கள். தாங்கள் கட்டிய துறையிலிருந்து போகும் கப்பல் தங்கள் சொந்தக் கரையையே தாக்கும் என்று அவர்கள் எண்ணியிருப்பார்களா?

அதோடு முடியவில்லை. 1782-இல் சஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதி இதே துறைமுகத்திலிருந்து படகெடுத்துப் போய்ச் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரிலும் நாகப்பட்டினத்துக்கு எதிரிலும் திருகோணமலைக் கடலிலும் ஆங்கிலேயரோடு மோதினார். கடலூர்க் கடலில் மறு ஆண்டு மோதினார். 1810-இல் கணக்கு திரும்பியது. சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களின் படைகளும் சேர்ந்து வந்து தீவின் வடகரையில் இறங்கின. டிசம்பர் 3-ஆம் தேதி தீவு பிரிட்டனின் கைக்கு மாறியது.

போன ஆண்டு ரெதுயியில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அக்கா மகள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தாள். கிரியோலில்தான் பேசுவாள், ‘மாமா’ மட்டும் தமிழ். “மாமா, நமக்கு ராணுவமே இல்லை. தேசியப் பாதுகாப்பு என்று எதை எழுதுவது?” என்றாள். அன்று இந்தப் பழைய கதைகளைத்தான் சொன்னேன். சென்னையிலோ வாஷிங்டனிலோ உட்கார்ந்து பாதுகாப்பைப் படிப்பவர், எதிரி யார், அவன் பலம் என்ன என்று தொடங்குவார். எங்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. எங்களைப் பிடித்தவர்கள் யாருக்கும் எங்கள்மேல் பகை இருந்ததில்லை. வேறெங்கோ போகிற வழியில் எங்கள் திண்ணை அவர்களுக்குத் தேவைப்பட்டது. எனவே திண்ணையை யார் கேட்கிறார்கள், எவ்வளவு வாடகை தருகிறார்கள், வாடகைச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்பதே எங்கள் ஆய்வின் ஆதாரக் கேள்வியாக இருக்க முடியும்.

இதைப் பளிச்சென்று காட்டுவது, பிரிட்டிஷ் காலத்தில் மொரீஷியஸோடு சேர்த்து ஆளப்பட்ட சாகோஸ் தீவுக்கூட்டம். 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் திட்டப் பிரிவில் இருந்த ஸ்டூவர்ட் பார்பர் ஒரு யோசனை சொன்னார். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் விடுதலை அடைந்துவருகின்றன. இனிப் பெரிய நாடுகளில் தளம் வைத்தால் ஒருநாள் காலி செய்யச் சொல்வார்கள். ஆள் குறைந்த சிறு தீவுகளை முன்கூட்டியே வளைத்துப் போட வேண்டும். அந்த யோசனைக்கு அகப்பட்டது சாகோஸின் பெரிய தீவான டியகோ கார்சியா. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். எங்களுக்கு வடகிழக்கே 2,000 கிலோமீட்டருக்கும் மேல்.

1965 செப்டம்பரில் லண்டன் லான்காஸ்டர் மாளிகையில் மொரீஷியஸின் விடுதலை பற்றிப் பேச்சு நடந்தது. சாகோஸைப் பிரித்துக்கொள்ளச் சம்மதம் அந்தச் சூழலில்தான் வாங்கப்பட்டது. நவம்பர் 8-ஆம் தேதி ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்’ என்று புதிதாக ஒரு காலனி பிறந்தது. காலனிகள் கலைந்துகொண்டிருந்த காலத்தில் புதிதாக ஒன்று! மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு ஈட்டுத்தொகை. அமெரிக்கா பணமாக எதையும் வாடகை கொடுக்கவில்லை. பிரிட்டன் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலரைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்தது.

அந்தத் தீவுகளில் தலைமுறைகளாகக் கொப்பரை உடைத்து வாழ்ந்தவர்களை 1967 முதல் 1973 வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர். மருத்துவத்துக்காகப் போர்ட் லூயிஸ் வந்தவர்களுக்குத் திரும்பிப் போகக் கப்பல் கிடைக்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்குச் சாமான் கொண்டுவரும் கப்பல் குறைந்தது. கடைசியில் அவர்கள் வளர்த்த நாய்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். அதே காலத்தில் அல்டப்ரா தீவிலும் தளம் அமைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அங்கே ராட்சத ஆமைகளுக்கு ஆபத்து என்று விஞ்ஞானிகள் குரல் எழுப்பினார்கள். பிரிட்டனின் பணமுடையும் சேர்ந்துகொள்ள 1967-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆமைக்குக் கிடைத்த வழக்கறிஞர் மனிதனுக்குக் கிடைக்கவில்லை. காசி, ரோஷ் புவா போன்ற போர்ட் லூயிஸ் புறநகர்களில் வந்து விழுந்த அந்தக் குடும்பங்களை நாங்களும் பெரிதாக அணைத்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தீவுக்காரர் என்று பொருள்படும் ‘இலுவா’ என்ற சொல்லை வசைபோலச் சொன்ன வாய்கள் எங்கள் தெருவிலும் இருந்தன.

பாதுகாப்பு ஆய்வுகளில் ஒரு பெருந்தலைப்பு உண்டு: பலம் குன்றிய நாடு பலசாலியை எதைக் கொண்டு எதிர்க்கும்? மொரீஷியஸ் அதற்குத் தந்த விடை சட்டம். 2010-இல் பிரிட்டன் சாகோஸைச் சுற்றிக் கடல் காப்பகம் அறிவித்தபோது நடுவர் மன்றத்துக்குப் போனோம். 2015-இல் அந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பானது. 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்று 13-க்கு 1 என்ற கணக்கில் ஆலோசனைக் கருத்துச் சொன்னது. மூன்று மாதத்தில் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரவு, 6 எதிர்ப்பு. பின்னர் உலக அஞ்சல் ஒன்றியம் அந்தக் காலனியின் தபால்தலைகளைக்கூட ஏற்க மறுத்தது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் மொரீஷியஸின் கப்பல் சாகோஸில் உள்ள பேரோஸ் பான்யோஸில் நங்கூரமிட்டு நான்கு வண்ணக் கொடியை ஏற்றியபோது தடுக்க யாரும் வரவில்லை.

2025 மே 22-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரிட்டனுக்கு, சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. தீவைச் சுற்றி 24 கடல் மைலுக்குள் பிரிட்டனின் சம்மதம் இல்லாமல் எதுவும் கட்டக்கூடாது. மற்ற தீவுகளில் சாகோஸ் மக்களைக் குடியேற்றலாம், டியகோ கார்சியாவில் கூடாது. இதைச் சட்ட வெற்றி என்று சொல்பவர்களும் விற்பனை என்று சொல்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்கு நாற்காலி போடவில்லை என்பது சாகோஸ்காரர்களில் பலருடைய குறை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எதிர்ப்புக்குப் பஞ்சமில்லை.

நான் அக்கா மகளுக்குச் சுட்டிக்காட்டியது ஒப்பந்தத்தின் ஓரத்தில் கிடக்கும் ஒரு வரியை. டியகோ கார்சியாவின் அமெரிக்க-பிரிட்டிஷ் தளத்திலிருந்து நேரடியாக வேறொரு நாட்டின்மேல் தாக்குதல் நடந்தால் பிரிட்டன் மொரீஷியஸுக்கு விரைந்து தகவல் சொல்ல வேண்டும். கவனியுங்கள், சொன்னால் போதும், கேட்க வேண்டியதில்லை. 1991 வளைகுடாப் போரிலும் 2001-இல் ஆப்கானிஸ்தான்மேலும் 2003-இல் ஈராக்மேலும் குண்டு வீசிய விமானங்கள் அங்கிருந்து பறந்தவை. வீட்டுக்காரர் என்ற முறையில் அடுத்த போருக்கு நாங்கள் எவ்வளவு பொறுப்பு? இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆப்பிரிக்காவை அணு ஆயுதமற்ற பகுதியாக அறிவிக்கும் பெலிந்தாபா உடன்படிக்கையில் மொரீஷியஸ் உறுப்பினர். அதன் வரைபடத்தில் சாகோஸும் இருக்கிறது, இறையாண்மைத் தகராறு பற்றிய அடிக்குறிப்போடு. தகராறு தீர்ந்தால் அந்த அடிக்குறிப்பு என்ன ஆகும்? ஒரு முனைவர் பட்டத்துக்கு இந்தக் கேள்வி ஒன்றே தாங்கும்.

தமிழர்கள் தவறவிடக் கூடாத ஒன்று. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் 89 பேர் கனடாவை நோக்கிப் போன மீன்பிடிப் படகு நடுக்கடலில் சிக்கியது. பிரிட்டிஷ் கப்பல் அவர்களை மீட்டு டியகோ கார்சியாவில் இறக்கியது. கூடாரம், சுற்றிலும் வேலி, காவல். குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். உண்ணாவிரதங்களும் தற்கொலை முயற்சிகளும் நடந்தன. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு அழைத்துப் போனார்கள். அவர்களைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்ததாக அப்பிரதேசத்தின் நீதிமன்றமே அதே மாதம் தீர்ப்பளித்தது. சொந்த மக்களை வாழவிடாத தீவில், வாழ இடம் தேடி வந்தவர்களை வெளியேற விடாமல் வைத்திருந்தார்கள். தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடும் மொரீஷியஸில், எங்கள் கோவில்களிலும் சங்கங்களிலும் இதைப்பற்றி நான் கேட்ட பேச்சு மிகக் குறைவு. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி அகலேகா. டியகோ கார்சியாவுக்குக் கத்தை கத்தையாகக் காகிதம் உண்டு; அகலேகாவுக்குக் காகிதம் தேட வேண்டும். தலைத்தீவுக்கு வடக்கே ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரில் இரண்டு சிறு தீவுகள், தென்னந்தோப்பு, சுமார் 300 மக்கள். 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி வந்தபோது புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி 3,000 மீட்டர் ஓடுதளமும் புதிய இறங்குதுறையும் திறக்கப்பட்டன. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் இந்தியாவின் பி-8ஐ விமானம் அதில் தாராளமாக இறங்கலாம். இது ராணுவத் தளம் ஆகாது என்று இரு அரசுகளும் சொல்கின்றன. 300 பேருக்கு இவ்வளவு நீள ஓடுதளம் எதற்கு என்று கேட்டால், நோயாளியை ஏற்றிவர, புயல் நிவாரணம் கொண்டுபோக என்கிறார்கள். அந்தத் தேவை பொய்யில்லை; 2024 டிசம்பரில் சிடோ புயல் அகலேகாவைச் சூறையாடிவிட்டுப் போனது. ஆனால் முழு விவரத்தை மக்கள் முன் வைக்கவில்லை என்ற எதிர்க்கட்சிகளின் பழைய குறையும் பொய்யில்லை.

இந்தியா என்றால் எங்களுக்கு அந்நியமா? இல்லை என்பதுதான் சிக்கலே. தேசியக் கடலோரக் காவல்படை 1987-இல் தொடங்கியது. அதற்கு இந்தியக் கடற்படையிலிருந்து வரும் அதிகாரிகளே தலைமை தாங்கி வந்திருக்கிறார்கள். அதன் பெரிய கப்பலான பாராகுடா கொல்கத்தாவில் கட்டியது, இந்தியா ஏற்றுமதி செய்த முதல் போர்க்கப்பல். ‘சாகர்’ என்ற கடற்கொள்கையை மோடி அறிவித்ததும் 2015-இல் எங்கள் மண்ணில்தான். இவ்வளவு நெருக்கத்தில் யார் யாரிடம் கணக்குக் கேட்பது? 1983-இல் இங்கே ஆளும் கூட்டணி உடைந்து ஆட்சி தள்ளாடியபோது, இந்திரா காந்தியின் அரசு ‘லால் தோரா’ என்ற பெயரில் படை அனுப்பத் தயாரானதாகவும், கடைசியில் அதை விட்டுவிட்டு ராஜதந்திர வழியைத் தேர்ந்ததாகவும் ஆய்வாளர்கள் பின்னால் எழுதியிருக்கிறார்கள். உதவிக்கு வருபவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அன்று பேசப்படவில்லை. இன்றும் பேசப்படுவதில்லை. அமெரிக்கத் தளத்தைக் கேள்வி கேட்டால் தேசபக்தன், அகலேகாவைக் கேள்வி கேட்டால் துரோகி என்று ஒரு மனநிலை எங்கள் இந்திய வம்சாவளியினரிடையே இருக்கிறது. அண்ணன் வீட்டில் கணக்குக் கேட்கலாமா என்ற கூச்சம். பிரான்ஸோடு திரொமெலின் தீவுக்காக உரக்க வாதாடுகிறோம். அது ஒரு சதுர கிலோமீட்டர் மணல் திட்டு.

சரி, இத்தனை பேர் காவல் காக்கும் கடலில் என்ன நடந்தது? 2020 ஜூலை 25 இரவு. ஜப்பானிய முதலாளி, பனாமா கொடி, இந்தியக் கேப்டன், இலங்கை முதல் அதிகாரி. ‘வகாஷியோ’ என்ற அந்தச் சரக்குக் கப்பல் கைப்பேசிச் சிக்னலுக்காகக் கரையை நெருங்கி, புவாந்த் தெஸ்னி பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. 1810-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரைக் கடற்போரில் வென்ற கிராண்ட் போர்ட் விரிகுடா பக்கத்தில்தான். இந்திய உதவியில் நிறுவிய கரையோர ரேடார் இருந்தது, கண்காணிப்பு அறை இருந்தது. கப்பல் பாறையில் ஏறியதும், அதன் பிறகு பன்னிரண்டு நாள் எண்ணெயோடு அங்கேயே நின்றதும் எங்கள் கண் முன்னால்தான். ரேடாரில் புள்ளி தெரிவது ஒன்று. அந்தப் புள்ளியைத் திருப்ப யாருக்கு அதிகாரம், யார் எந்த நேரத்தில் யாருக்குப் போன் போட வேண்டும் என்பது வேறு. மாஎபூரில் ஆண்களும் பெண்களும் கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்து மிதவைகள் தைத்தார்கள். சிலர் தலைமுடி வெட்டிக் கொடுத்தார்கள். அந்த வாரத்தில் எங்கள் கடலோரக் காவல் என்பது அந்தச் சோகைதான். என் கணக்கில் சாகோஸுக்கு அடுத்து இதுவே பெரிய ஆய்வுத் தலைப்பு. 2,040 சதுர கிலோமீட்டர் நிலமும் சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலும் வைத்திருக்கும் நாட்டுக்கு ஏவுகணையைவிட இழுவைக் கப்பல் முக்கியம்.

கடலுக்கு அடியிலும் ஒரு கதை. தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக மலேசியா போகும் ‘சேஃப்’ என்ற இணையக் கேபிள் எங்கள் தென்கரையில் பே து ஜாகோத்தே என்ற இடத்தில் கரையேறுகிறது. 2022-இல் அந்த நிலையத்துக்குள் இந்தியத் தொழில்நுட்பக் குழு ஒன்று போய்வந்தது வெளியே தெரிந்தது. இணையப் போக்குவரத்தை ஒட்டுக்கேட்கும் ஏற்பாடு என்று ஒரு தரப்பு குற்றஞ்சாட்டியது. பாதுகாப்புச் சோதனை என்றது அரசு. இரண்டு ஆண்டு கழித்து, 2024 தேர்தலுக்கு முன், பெரிய மனிதர்களின் தொலைபேசி உரையாடல்கள் இணையத்தில் கசிந்தன. நவம்பர் 1-ஆம் தேதி அரசு சமூக ஊடகங்களையே முடக்கியது; காரணம் தேசியப் பாதுகாப்பு. மறுநாளே தடை நீங்கியது. பத்து நாளில் ஆளும் கூட்டணி தேர்ந்தெடுக்கப்படும் 62 இடங்களில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அந்தக் கூட்டணியின் தலைவர், சாகோஸ் உடன்பாட்டை அறிவித்து ஒரு மாதமே ஆகியிருந்த பிரதமர். வாக்காளர் எந்தப் பாதுகாப்பைப் பெரிதென்று நினைத்தார் என்பதை அந்த முடிவிலிருந்து ஊகிக்கலாம்.

போதைப்பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆப்கானிஸ்தானில் விளைந்து பாகிஸ்தான்-ஈரான் பக்கத்து மக்ரான் கரையில் படகேறும் ஹெராயின் ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே இறங்கி எங்களை வந்தடைகிறது. 2017-இல் துறைமுகத்தில் ஒரே சரக்கில் 135 கிலோ பிடிபட்டது. மறு ஆண்டு லாம் ஷாங் லீன் விசாரணைக் குழுவின் அறிக்கை சிறை, காவல்துறை, வழக்கறிஞர் வட்டம் என்று எல்லா இடத்திலும் ஓட்டை இருப்பதைக் காட்டியது. கடற்கொள்ளையரைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தக் கிடைக்கும் வெளிநாட்டுப் பணம், எங்கள் தெருமுனையில் விற்கும் ‘சிமிக்’ என்ற செயற்கைப் போதைப்பொருள் பற்றி ஆராயக் கிடைப்பதில்லை. எந்தத் தலைப்பு ஆய்வாகிறது என்பதையும் பெரும்பாலும் பணம் கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார்.

உள்நாட்டு அமைதியும் இதே பாடத்தில் வரவேண்டியது. 1998-இல் அச்சான புதிய ரூபாய்த் தாள்களில் தமிழுக்கு மேலே இந்தி வந்தது. பல பத்தாண்டுகளாக இருந்த வரிசை மாறியதைத் தமிழர்கள் ஏற்கவில்லை. போராட்டம் வலுத்து, அரசு தாள்களையே திரும்பப் பெற்றது. வெளிநாட்டு நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் காயா என்ற பாடகர் காவலில் இறந்தபோது நாடு மூன்று நான்கு நாள் தீப்பற்றி எரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வராது. பல இனங்கள் நெருங்கி வாழும் தீவில் யாருடைய பெயர் எந்த வரியில் வருகிறது என்பதும் காவல் சம்பந்தப்பட்ட விஷயமே.

இவ்வளவையும் கேட்ட பிறகு அக்கா மகள் சாகோஸை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. “அதற்குப் பெரிய பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள் மாமா” என்றாள். அகலேகா ஓடுதளத்தில் இறங்கும் விமானங்களைப் பதிவேட்டில் எழுதுவது யார், அந்தப் பதிவேடு யார் மேசையில் இருக்கிறது, அதை ஒரு மொரீஷியஸ் குடிமகன் பார்க்க முடியுமா என்பதுதான் அவள் தலைப்பு. விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். அங்கிருந்து இன்னோர் அலுவலகத்தைக் கேட்கும்படி பதில் வந்தது. அந்த இன்னோர் அலுவலகம் முதல் அலுவலகத்தையே கேட்கச் சொல்லியிருக்கிறது. இரண்டு கடிதங்களையும் அவள் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டாள்.